ஐம்பது டாலரும் ஐம்பதாயிரம் டாலரும்

1949 டிசம்பரில் நியூயார்க்கின் வால்டார்ஃப் அஸ்டோரியா ஓட்டலில் ஒரு சமையல் போட்டி நடந்தது. முதல் பரிசு வாங்கியவர் ஊருக்கு எடுத்துப்போனது 50,000 டாலர். இரண்டு மாதம்கூட ஆகவில்லை, 1950 பிப்ரவரி 2 அன்று அதே ஊரிலிருந்து சி.பி.எஸ். தொலைக்காட்சி 'வாட்ஸ் மை லைன்?' என்ற நிகழ்ச்சியைத் தொடங்கியது. வந்திருப்பவர் என்ன தொழில் செய்கிறார் என்பதை நான்கு பேர் கேள்வி கேட்டே கண்டுபிடிக்க வேண்டும், அவ்வளவுதான் ஆட்டம். வந்தவர் என்னதான் சாமர்த்தியமாகத் தப்பித்தாலும் கைக்கு வருவது அதிகபட்சம் 50 டாலர்.

ஆயிரம் மடங்கு வித்தியாசம். அப்படியிருந்தும் இரண்டையும் அக்கம்பக்கத்தில் வைத்துப் பார்க்கக் காரணம் இருக்கிறது. அமெரிக்காவின் வடக்கு மாநிலங்களில் இன்றும் டிசம்பர் மாதத்து வேலைநாள் ஒன்றில் இரண்டும் ஒரே வீட்டில் நடந்துகொண்டிருக்கும். மினியாப்பொலிஸ் போன்ற ஊரில் மாலை நாலரைக்கே சூரியன் போய்விடும். வீட்டிலிருந்தே அலுவலக வேலை பார்ப்பவர்கள் இரண்டு கூட்டங்களுக்கு நடுவே ஓவனைச் சூடாக்கி ஒரு தட்டு குக்கீ போடுவார்கள். பக்கத்தில் இன்னொரு திரையில், ஒலியைக் குறைத்து, கறுப்பு வெள்ளையில் ஏதாவது ஒரு பழைய கேம் ஷோ ஓடும். நானும் அந்தக் கூட்டத்தில் ஒருத்தி. இந்த மூன்றும் ஒன்றோடொன்று இவ்வளவு ஒத்துப்போவது எப்படி என்று யோசித்ததில்தான் இந்த ஒப்பீடு தொடங்கியது. இரண்டுமே சாதாரண ஆளின் அன்றாட வேலையைத் தூக்கி மேடையில் வைத்தவை. இரண்டுமே பார்ப்பவரிடம் எதையும் ஒளிக்காதவை. எழுபது வருடம் தாண்டியும் இவை பழசாகாததற்கு இந்த இரண்டாவது குணம்தான் காரணம் என்பது என் கட்சி.

முதலில் சமையல் போட்டி. மினியாப்பொலிஸில் 1869-இல் தொடங்கிய பில்ஸ்பரி மாவு கம்பெனி தன் எண்பதாவது ஆண்டைக் கொண்டாட ஏற்பாடு செய்தது அது. அதிகாரபூர்வப் பெயர் வாயில் நுழையாத அளவு நீளம். பத்திரிகைக்காரர்கள் அதை 'பேக்-ஆஃப்' என்று சுருக்கினார்கள். கம்பெனியும் பிறகு அதையே எடுத்துக்கொண்டது. நாட்டின் பல மூலைகளிலிருந்து தேர்வான நூறு பேர், நட்சத்திர ஓட்டலின் விருந்து மண்டபத்தில் வரிசையாகப் போட்ட நூறு மின்அடுப்புகள், எல்லோரும் ஒரே நேரத்தில் மாவு பிசைகிறார்கள். சிறப்பு விருந்தினராக வந்தவர் எலினார் ரூஸ்வெல்ட், முன்னாள் ஜனாதிபதியின் மனைவி.

வென்றவர் இல்லினாய் மாநிலம் ராக்ஃபோர்டைச் சேர்ந்த தியடோரா ஸ்மாஃபீல்ட். அவர் செய்தது ஒரு வகை முறுக்கிய ரொட்டி. அதன் செய்முறையைப் படித்தால் யாரோ விளையாட்டுக்குச் சொல்கிறார்கள் என்று தோன்றும். முட்டையும் வெண்ணெயும் ஈஸ்டும் சேர்த்துக் கலக்கிய தளர்வான மாவை அடித்துப் பிசையவே வேண்டாம். ஒரு துணியில் தளர்த்தியாக மூட்டை கட்டி வெதுவெதுப்பான தண்ணீருக்குள் போட்டுவிட வேண்டும். மூட்டை நேராக அடியில் போய் உட்காரும். ஈஸ்ட் வேலை செய்யச் செய்ய உள்ளே காற்று சேர்ந்து, அரைமணி முக்கால் மணி நேரத்தில் மூட்டை தானாக மேலே மிதந்து வரும். மிதந்தால் மாவு தயார் என்று அர்த்தம். வெளியே எடுத்துப் பிரித்தால் துணியில் ஒட்டிக்கொண்டு படுத்தும். கரண்டியால் துண்டு துண்டாக எடுத்து, நறுக்கிய நட்ஸும் சர்க்கரையும் கலந்த தட்டில் புரட்டி, நீட்டி முறுக்கி ஓவனில் வைக்க வேண்டும். வடக்கத்திக் குளிர்காலத்தில் வீட்டுக்குள் ஈஸ்ட் மாவு பொங்குவதற்குள் பொறுமை போய்விடும். அந்த ஊர்ப் பெண் ஒருத்தி அதற்குக் கையாண்ட வழி இது. மாவு பொங்கியதா இல்லையா என்ற சந்தேகத்துக்கே இதில் இடமில்லை. மேலே வந்ததைக் குழந்தைகூடப் பார்த்துச் சொல்லிவிடும்.

இப்போது தொலைக்காட்சி. ஞாயிறு இரவு பத்தரை மணி, நேரலை. மேடையில் ஒரு கரும்பலகை. வருபவர் சாக்பீஸை எடுத்துத் தன் பெயரை எழுதுவார். தொகுப்பாளர் ஜான் டேலி எழுந்து நின்று வரவேற்பார். 1941 டிசம்பர் 7 அன்று பேர்ல் ஹார்பர் தாக்கப்பட்ட செய்தியை சி.பி.எஸ். வானொலியில் நாட்டுக்குச் சொன்ன அதே குரல் இவருடையது. கேள்வி கேட்க உட்கார்ந்திருப்பவர்களில் மூன்று பேர் நிரந்தரம் என்றே சொல்லலாம்: நடிகை ஆர்லீன் ஃபிரான்சிஸ், பத்திரிகைப் பத்தி எழுத்தாளர் டாரதி கில்கேலன், ராண்டம் ஹவுஸ் பதிப்பகத்தை நிறுவியவர்களில் ஒருவரான பென்னட் செர்ஃப். நான்காவது நாற்காலிக்கு ஆள் மாறிக்கொண்டிருக்கும். ஆமாம், இல்லை என்று மட்டும் பதில் வரக்கூடிய கேள்விகளையே கேட்க வேண்டும். ஒவ்வொரு 'இல்லை'க்கும் டேலி தன் மேசையில் நிற்கும் அட்டை ஒன்றைப் புரட்டுவார். ஒரு அட்டைக்கு ஐந்து டாலர். பத்து அட்டை புரண்டால் ஆட்டம் முடிந்தது. நேரம் போதவில்லை என்றால் மிச்ச அட்டைகளையும் ஒரே வீச்சில் புரட்டிவிட்டு முழுப்பணத்தையும் கொடுத்து அனுப்பிவிடுவார். பணம் ஒரு பொருட்டே இல்லை என்பதை இதைவிடத் தெளிவாகக் காட்ட முடியாது.

முதல் நாள் வந்தவர் யார் தெரியுமா? நியூயார்க்கின் ஸ்டார்க் கிளப்பில் விருந்தினர்களின் தொப்பியையும் கோட்டையும் வாங்கி வைக்கும் பெண். அன்றைய பிரபல விருந்தினர் யாங்கீஸ் அணியின் பேஸ்பால் வீரர் ஃபில் ரிசூட்டோ. பிரபலம் வரும்போது மட்டும் நால்வரும் கண்ணைக் கட்டிக்கொள்ள வேண்டும். அந்தக் கண்கட்டுகளையும் ஒரு அலங்காரமாகவே ஆக்கிவிட்டார் ஆர்லீன் ஃபிரான்சிஸ்.

இரண்டையும் பக்கத்தில் வைத்தால் முதலில் கண்ணில் படுவது பெண்கள். பேக்-ஆஃபில் தொடக்க ஆண்டுகளில் போட்டியாளர் பட்டியலைப் பார்த்தால் மணமான பெண்ணின் சொந்தப் பெயர் இருக்காது. ஐம்பதாயிரம் டாலர் வாங்கிய தியடோராவே அன்று அறிவிக்கப்பட்டது 'திருமதி ரால்ஃப் இ. ஸ்மாஃபீல்ட்' என்றுதான். மாவை மிதக்கவிட்டது அவர் கை. மேடையில் ஒலித்தது கணவர் பெயர். அங்கே கரும்பலகையில் பெண் தன் கையெழுத்தில் தன் பெயரையே எழுதினாள். ஆனால் எழுதி முடித்த கையோடு டேலி கேட்கும் முதல் கேள்வி, 'மிஸ்ஸா, மிஸஸா?' என்பது. அதற்குப் பதில் சொல்லிவிட்டுத்தான் நாற்காலியில் உட்கார முடியும்.

ஆக, இரண்டு மேடையும் அந்தக் காலத்துக்குக் கட்டுப்பட்டவைதான். ஆனால் கட்டுப்பட்ட விதம் வேறு. பேக்-ஆஃப், சம்பளமில்லாத வீட்டு வேலையை எடுத்து, 'இதற்கும் விலை உண்டு' என்று சொன்னது. எவ்வளவு விலை? 1950-இல் அமெரிக்கக் குடும்பம் ஒன்றின் இடைநிலை ஆண்டு வருமானம் சுமார் 3,300 டாலர். பதினைந்து வருடச் சம்பாத்தியத்தை ஒரே ரொட்டிக்குக் கொடுத்தார்கள். 'வாட்ஸ் மை லைன்?' நேர்மாறாக, சம்பளம் வாங்கும் பெண்ணை ஒரு புதிராக்கியது. அந்த நிகழ்ச்சியில் எழுந்த சிரிப்பில் பாதி, 'இந்தப் பெண்ணா இந்த வேலை பார்க்கிறாள்?' என்ற ஆச்சரியத்திலிருந்து வந்தது. நேர்த்தியாக உடுத்திய இளம்பெண் ஒருத்தி ஆண்கள் பார்க்கும் வேலை எதையாவது செய்பவளாக இருந்தால், நால்வரும் சுற்றிச் சுற்றிப் போய் வேறெங்கோ தேடுவார்கள். அரங்கம் வயிறு குலுங்கச் சிரிக்கும். தொடக்க ஆண்டுகளில் வந்தவரை நால்வருக்கும் முன்னால் நடக்கவிட்டு, கையை விரித்துக் காட்டச் சொல்லும் வழக்கம்கூட இருந்தது. காய்ப்பு இருக்கிறதா, நகத்தில் அழுக்கு இருக்கிறதா என்று பார்த்து ஊகிப்பார்கள். பார்க்க இன்று கூச்சமாகத்தான் இருக்கிறது. நல்லவேளையாக அதை நிறுத்திவிட்டார்கள்.

கூச்சப்பட்டாலும், அந்த நிகழ்ச்சியின் பழைய பதிவுகளைப் பார்க்கிறவர்களுக்கு ஒரு லாபம் இருக்கிறது. ஐம்பதுகளில் அமெரிக்காவில் பெண்கள் வீட்டில் மட்டுமே இருந்தார்கள் என்று சொல்லிப் பழகிவிட்டோம். வாரா வாரம் பலகைக்கு முன்னால் வந்து நின்றவர்கள் அதற்குச் சாட்சி சொல்லவில்லை. அவர்களுக்குக் கிடைத்ததோ ஐந்து டாலர், பதினைந்து டாலர். மறுநாள் திங்கட்கிழமை, வேலைக்குப் போக வேண்டும்.

இன்னொரு சுவாரசியமான சேர்க்கையும் உண்டு. வால்டார்ஃப் மண்டபத்தில் நூறு அடுப்புகளுக்கு நடுவே நின்ற எலினார் ரூஸ்வெல்ட், 1953-இல் அந்தக் கரும்பலகையிலும் பெயர் எழுதினார். அரசியல் மேடையில் அவ்வளவு பார்த்தவர், இந்த இரண்டு விளையாட்டுக்கும் நேரம் ஒதுக்கினார் என்பதே அந்த நாட்டில் இவற்றுக்கு இருந்த இடத்தைக் காட்டும்.

பணத்துக்கு வருவோம். பெரிய பணம் வந்தால் விளையாட்டு கெடும் என்று எளிதாகச் சொல்லிவிடலாம், ஐம்பதுகளின் தொலைக்காட்சியும் அதைத்தான் நிரூபித்ததாகத் தோன்றும். என்.பி.சி.யில் வந்த 'ட்வென்டி-ஒன்' வினாடிவினா அதற்கு உதாரணம். கண்ணாடிக் கூண்டுக்குள் நின்று, வியர்வையைத் துடைத்தபடி பதில் சொல்வார்கள். 1956 டிசம்பர் 5 அன்று அதுவரை வென்றுகொண்டிருந்த ஹெர்பர்ட் ஸ்டெம்பல் தோற்றார். 1955-இன் சிறந்த படத்துக்கான ஆஸ்கர் எதற்குக் கிடைத்தது என்பது கேள்வி. விடை 'மார்ட்டி'. அது அவருக்கு நன்றாகத் தெரிந்த, மிகவும் பிடித்த படம். தவறாகச் சொல்லும்படி தயாரிப்பாளர்கள் சொன்னதால் 'ஆன் தி வாட்டர்ஃப்ரன்ட்' என்றார். அவருக்குப் பதிலாக வந்த கொலம்பியா பல்கலைக்கழக ஆசிரியர் சார்லஸ் வான் டோரன் 1,29,000 டாலர் வென்று பத்திரிகை அட்டைகளில் ஏறினார். 1959 நவம்பர் 2 அன்று நாடாளுமன்ற விசாரணைக் குழு முன்னால், கேள்வியும் பதிலும் தனக்கு முன்கூட்டியே கொடுக்கப்பட்டன என்று அவரே ஒப்புக்கொண்டார். அடுத்த வருடம் இப்படிப்பட்ட மோசடியைக் குற்றமாக்கி அமெரிக்கச் சட்டத்தையே திருத்த வேண்டிவந்தது.

ஆனால் பேக்-ஆஃபிலும் பெரிய பணம்தானே? அங்கே ஏன் இந்த நாற்றம் வரவில்லை? நடுவர்கள் தனி அறையில் உட்கார்ந்து, யார் செய்தது என்று தெரியாமல் ருசி பார்த்தார்கள் என்பது ஒரு காரணம். அதைவிட முக்கியமானது வேறு. போட்டி முடிந்ததும் நூறு பேரின் செய்முறையும் ஒரு சிறுபுத்தகமாக அச்சாகி நாடு முழுவதும் விற்பனைக்கு வந்தது. எந்த ஊர் சமையலறையிலும் எவரும் அந்த மாவைக் கரைத்து, மூட்டை கட்டி, மிதக்கிறதா என்று பார்த்துவிடலாம். பொய் சொன்னால் அடுத்த ஞாயிற்றுக்கிழமைக்குள் லட்சம் அடுப்புகளில் குட்டு வெளிப்பட்டுவிடும். வான் டோரனின் பதிலை அப்படி யாராலும் சோதிக்க முடியாது. அது ஒரே ஒருமுறை, கூண்டுக்குள், மூச்சுப் பிடித்துச் சொல்லப்பட்டதோடு சரி.

'வாட்ஸ் மை லைன்?' மோசடியில் சிக்காததற்கு ஐம்பது டாலருக்கு யார் பொய் சொல்வார்கள் என்பதைக் காரணமாகச் சொல்வார்கள். உண்மைதான். ஆனால் அந்த நிகழ்ச்சியின் கட்டுமானத்திலேயே ஒரு நேர்மை இருந்தது. வந்தவர் உட்கார்ந்ததுமே அவர் தொழில் என்ன என்பதைத் திரையில் எழுத்தில் காட்டிவிடுவார்கள். அரங்கத்தில் இருப்பவர்களுக்கும் தெரியும், வீட்டில் பார்ப்பவர்களுக்கும் தெரியும். தெரியாதது மேடையில் இருக்கும் நான்கு பேருக்கு மட்டும். ரகசியத்தைக் காப்பாற்றி வைத்து நம்மை ஏங்கவைக்கும் வேலையே கிடையாது. நாம் பார்ப்பது, தெரியாதவர்கள் எப்படித் தேடுகிறார்கள் என்பதை. செர்ஃப் ஒரு சிலேடையைப் போட்டுவிட்டுத் தானே சிரிப்பதையும், கில்கேலன் வழக்கறிஞர் மாதிரி ஒவ்வொரு வழியாக அடைத்துக்கொண்டு போவதையும், ஒரு எளிய 'ஆமாம்' போதுமான இடத்தில் டேலி மூச்சுவிடாமல் நீண்ட விளக்கம் கொடுத்து எல்லோரையும் இன்னும் குழப்புவதையும்.

விடை முன்கூட்டியே தெரிந்த ஆட்டத்தை எத்தனை முறை வேண்டுமானாலும் பார்க்கலாம். இதுதான் மறுஒளிபரப்பின் ரகசியம். 'ட்வென்டி-ஒன்' பதிவு ஒன்றை இன்று போட்டுப் பாருங்கள். மோசடி தெரிந்தவருக்கு அது வெறும் நாடகம், தெரியாதவருக்கு ஒருமுறை போதும். 1963-இல் கே.எஃப்.சி. கோழிக் கடைகளின் நிறுவனர் ஹார்லண்ட் சாண்டர்ஸ் வெள்ளை சூட்டில் வந்து உட்கார்ந்த 'வாட்ஸ் மை லைன்?' பகுதியோ அப்படியில்லை. அந்த நால்வரும் கண்ணைக் கட்டிக்கொள்ளவில்லை. முழு முகத்தையும் பார்க்கிறார்கள், தாடியையும் பார்க்கிறார்கள், அடையாளம் தெரியவில்லை. அடுத்த வருடம் அவர் கம்பெனியை விற்றபோது அதற்கு அறுநூறுக்கு மேல் கிளைகள் இருந்தன. உலகத்தில் பாதிப் பேருக்கு இன்று தெரிந்த முகத்தை எதிரே வைத்துக்கொண்டு, நியூயார்க்கின் நாகரிக மனிதர்கள் பொரித்த கோழியைத் தேடி அலைகிறார்கள். அன்று பார்த்தவர்களைவிட இன்று பார்ப்பவர்களுக்கு அதில் சிரிப்பு அதிகம்.

செய்முறையும் இப்படித்தான். முடிவு தெரிந்த பிறகுதான் அதைச் செய்யவே தொடங்குகிறோம். 1957 பேக்-ஆஃபில் ஒஹையோ மாநிலத்தின் ஃப்ரீடா ஸ்மித் ஒரு வேர்க்கடலை குக்கீ கொண்டுவந்தார். முதல் பரிசு அதற்குக் கிடைக்கவில்லை. அது 'அக்கார்டியன் ட்ரீட்ஸ்' என்ற வேறொன்றுக்குப் போனது. வென்றதை இன்று யாரும் பேசுவதில்லை. தோற்றது 'பீனட் பிளாசம்' என்ற பெயரில் ஒவ்வொரு கிறிஸ்துமஸ் டப்பாவிலும் இருக்கிறது. என் அலுவலகத்தில் டிசம்பர் மாதம் யாராவது குக்கீ கொண்டுவந்தால் அதில் இது இல்லாமல் போனதே இல்லை.

செய்வதும் சுலபம். பீனட் பட்டர், வெண்ணெய், வெள்ளைச் சர்க்கரை, பழுப்புச் சர்க்கரை, முட்டை, மைதா. நெல்லிக்காய் அளவு உருட்டி, சர்க்கரையில் புரட்டித் தட்டில் வைத்து, சுமார் 190 டிகிரி செல்சியஸில் பத்து நிமிடம் போல விட வேண்டும். தட்டை வெளியே எடுத்த அந்தக் கணத்தில் ஒவ்வொன்றின் நடுவிலும் ஹெர்ஷீஸ் கிஸ் சாக்லேட் ஒன்றை அழுத்த வேண்டும். அழுத்தும்போது ஓரம் முழுக்க நட்சத்திரம் மாதிரி விரிசல் விடும். பூ என்ற பெயர் அதனால்தான் பொருந்துகிறது. இங்கே தாமதிக்கக் கூடாது. குக்கீ இறுகிவிட்டால் சாக்லேட் ஒட்டாது, உதிர்ந்துவிடும். சீக்கிரம் கையில் எடுத்தாலோ சாக்லேட் உள்ளே இளகி, தொட்டால் குலைந்துவிடும். ஆறும்வரை காத்திருக்கத்தான் வேண்டும்.

பரிசுக்கும் ஆயுளுக்கும் சம்பந்தமில்லை என்பதற்கு 1966 இன்னும் பெரிய சாட்சி. அந்த வருடத்து முதல் பரிசு, பதப்படுத்திய சீஸும் பாக்கெட் வெங்காய சூப் பொடியும் போட்ட ஒரு ரொட்டிக்கு. இரண்டாம் இடம் வந்தது டெக்சாஸின் எல்லா ஹெல்ஃப்ரிச் செய்த 'டனல் ஆஃப் ஃபட்ஜ்' கேக். வளையமாக வேகும் கேக்கின் வயிற்றுக்குள், தனியாக எதுவும் வைக்காமலே, கூழான சாக்லேட் சுரங்கம் ஒன்று தானாக உருவாகும். அதைச் சுட ஒரு விசேஷப் பாத்திரம் வேண்டும்: மினியாப்பொலிஸ் அருகே நார்டிக் வேர் கம்பெனி, உள்ளூர் யூதப் பெண்கள் அமைப்பு ஒன்று கேட்டுக்கொண்டதால் 1950-இல் அலுமினியத்தில் வார்த்துக் கொடுத்த 'பண்ட்' பாத்திரம். பதினைந்து வருடமாக அதைச் சீந்துவாரில்லை. இந்த கேக் இரண்டாம் பரிசு வாங்கியதும், பாத்திரம் எங்கே கிடைக்கும் என்று கேட்டு பில்ஸ்பரிக்கு இரண்டு லட்சத்துக்கு மேல் கடிதங்கள் வந்தன.

ஒப்பீடு இங்கே ஒரு இடத்தில் முறிகிறது, அதை மறைக்க வேண்டியதில்லை. அந்த கேக்கின் சுரங்கத்துக்குக் காரணம் பில்ஸ்பரி விற்ற ஒரு சாக்லேட் ஃப்ராஸ்டிங் பொடி. பின்னாளில் கம்பெனி அந்தப் பொடியை நிறுத்திவிட்டது. அதோடு மூலச் செய்முறையும் செத்தது. கொக்கோவும் ஐசிங் சர்க்கரையும் வைத்து வேறு வழி கண்டுபிடிக்க வேண்டியிருந்தது. பேக்-ஆஃப் எவ்வளவு வெளிப்படையாக இருந்தாலும் அதன் அடியில் மாவு விற்கும் கம்பெனி உட்கார்ந்திருந்தது. வீட்டுப் பெண்ணின் யோசனைக்கு ஒருமுறை காசு கொடுத்தார்கள், வருடக்கணக்கில் மாவு விற்றார்கள். 'வாட்ஸ் மை லைன்?' பின்னால் இருந்த விளம்பரதாரர் கதை இதற்கு நேர் எதிர். தொடக்கத்தில் அதன் செலவை ஏற்றது 'ஸ்டாபெட்' என்ற, வியர்வை நாற்றத்தைப் போக்கும் தெளிப்பான். டேலியின் மேசையிலேயே அதன் பெயர் ஒட்டியிருக்கும். தொலைக்காட்சிச் செலவு ஏற ஏற அந்தச் சின்னக் கம்பெனியால் தாங்க முடியவில்லை. இன்று ஸ்டாபெட்டைத் தெரிந்தவர்கள் இருந்தால் அது பழைய பதிவுகளால்தான்.

அந்தப் பதிவுகளும் மயிரிழையில் தப்பியவை. நேரலை நிகழ்ச்சியைத் தொலைக்காட்சித் திரையிலிருந்தே ஃபிலிம் கேமராவால் பிடித்து வைப்பதுதான் அன்றைய முறை. அப்படிப் பிடித்ததை சி.பி.எஸ். பிறகு அழித்துக்கொண்டிருந்தது. தயாரிப்பாளர்கள் மார்க் குட்சனும் பில் டாட்மனும் 1952-இல் இதைத் தெரிந்துகொண்டு, தங்கள் செலவில் பதிவுகளைக் காப்பாற்றத் தொடங்கினார்கள். அதற்கு முந்தையவற்றில் பெரும்பகுதி போனது போனதுதான். சமையல் சிறுபுத்தகத்துக்கு இந்த ஆபத்தில்லை; வெண்ணெய்க் கறையோடு எத்தனையோ வீட்டு இழுப்பறைகளில் கிடந்தது.

இந்த இரண்டு உலகமும் பிற்பாடு நிஜமாகவே கலந்தன. 1969 தொடங்கி 1985 வரை பேக்-ஆஃப் ஒளிபரப்பைத் தொகுத்து வழங்கியவர் பாப் பார்க்கர். அதே ஆள் 1972 முதல் 2007 வரை 'தி பிரைஸ் இஸ் ரைட்' நடத்தினார். சூப் டப்பா என்ன விலை, சோப்புத்தூள் என்ன விலை என்று சரியாகச் சொல்பவருக்குப் பரிசு. மளிகைக் கணக்கு போடும் பெண்ணின் அறிவையே ஒரு விளையாட்டாக்கிய நிகழ்ச்சி அது; என் பார்வையில் பேக்-ஆஃபுக்கும் கேம் ஷோவுக்கும் பிறந்த குழந்தை. பிறகு 'ஜெபர்டி' வினாடிவினா புகழ் அலெக்ஸ் ட்ரெபெக்கும் பேக்-ஆஃப் மேடை ஏறினார். 1996-இல் பரிசு பத்து லட்சம் டாலர் ஆனது. அந்தப் பணத்தைத் தட்டிச்சென்றவர் கலிஃபோர்னியாவின் கர்ட் வெய்ட், பேக்-ஆஃப் வரலாற்றில் முதல் பரிசு வென்ற முதல் ஆண். பரிசு இருபது மடங்கு உயர்ந்த முதல் வருடமே ஒரு ஆண் வென்றது தற்செயல்தான், ஆனாலும் ஒரு சிரிப்பு வரத்தான் செய்கிறது.

டிசம்பர் வேலைநாளுக்கு எது தோது என்று கேட்டால், என் ஓட்டு 'வாட்ஸ் மை லைன்?' பக்கம். ஒரு பகுதி அரைமணிக்குள் முடிந்துவிடும்; அதற்குள் இரண்டு தட்டு பீனட் பிளாசம் வெந்துவிடும். அதுமட்டுமில்லை, ஓவனைப் பார்த்து நிற்பவருக்கு முதுகுக்குப் பின்னால் ஓடும் திரை தெரியாது. தொழிலைக் காட்டும் எழுத்தும் தெரியாது. காதில் விழும் கேள்வியையும் பதிலையும் வைத்து, செர்ஃபோடும் கில்கேலனோடும் போட்டி போட்டுக் கண்டுபிடிக்க வேண்டும். எல்லாம் முன்கூட்டியே சொல்லிவிடும் நிகழ்ச்சி என்று மேலே எழுதினேன். சமையலறையில் அது மறுபடி நிஜமான ஆட்டமாகிவிடுகிறது.

ஒரே ஒரு விதிவிலக்கு, 1957 ஜனவரியில் ஓவியர் சால்வடார் டாலி வந்த பகுதி. கண் கட்டிய நால்வரும் எழுத்தாளரா என்று கேட்டால் ஆமாம், தொலைக்காட்சியில் தோன்றுவாரா என்று கேட்டால் அதற்கும் ஆமாம் என்பார். எல்லாவற்றுக்கும் தலையாட்டும் மனிதரை வைத்துக்கொண்டு டேலி படும் பாட்டைக் காதால் மட்டும் கேட்டால் போதாது. பலகை கொள்ளாத அளவுக்கு அவர் தன் பெயரை எழுதுவதைப் பார்க்க வேண்டும். அந்தப் பகுதி வந்தால் ஓவனை அணைத்துவிட்டு, கையைக் கழுவிவிட்டு வந்து உட்காருங்கள். குக்கீ அப்புறம் செய்துகொள்ளலாம்.